கீழேயும் வானம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெங்களூரிலிருந்து எங்கள் ஊருக்கு வருகிற ரயிலில் கூட்டம் இருக்காது. வார நாட்களில் தங்கவயல் மொத்தமும் விடிவதற்கு முன்பே எழுந்து பெங்களூருக்கு ஓடும். ஞாயிறன்று அது தூங்கும். நான் பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற வேலையில் இருக்கிறேன். சனிக்கிழமை ராத்திரி டியூட்டி விழுந்தால், மறுநாள் காலை அந்தக் காலி ரயிலில் காலை நீட்டிக்கொண்டு வருவேன்.

அப்படி ஒரு ஞாயிறு, போன வருஷம் மழை ஓய்ந்திருந்த சமயம், எதிர் சீட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பதை ஒட்டிய வயது. முழுக்கைச் சட்டை, கேன்வாஸ் ஷூ, மடியில் ஒரு துணிப்பை. பங்காரப்பேட்டை தாண்டியதும் ஜன்னல் கம்பியோடு முகத்தை ஒட்டிக்கொண்டார். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய கல்மாவு எங்கள் ஊரைச் சுற்றி மேடு மேடாகக் கிடக்கிறது. சைனைடு மேடு என்போம். வெள்ளையும் சாம்பலுமாக அவை தென்பட்டதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷன் இன்னும் இருக்காம்மா?"

"இருக்குது சார். நானும் அங்கதான் எறங்கணும். யார் வீட்டுக்குப் போவணும்?"

"வீட்டுக்கு இல்லை. ஒரு ஷாஃப்ட்டுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஷாஃப்ட் என்றால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற செங்குத்துக் கிணறு. சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஷாஃப்ட்டைத் தேடி இப்போது யாரும் வருவதில்லை. தங்கத்தில் வேலை செய்தவரா என்று கேட்டேன்.

"தங்கத்துக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. வானத்துல இருந்து வர்ற ஒண்ணைப் பிடிக்க வந்தோம், நாங்க கொஞ்சப் பேர். வருஷக்கணக்கா இங்கேயே இருந்தோம்."

"வானத்துல இருந்து வர்றதைப் புடிக்க பூமிக்குள்ளயா போனீங்க?"

"எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க" என்றார்.

சின்ன வயதில் வீட்டில் கேட்ட ஒரு சொல் அப்போது நினைவுக்கு வந்தது. காஸ்மிக் ரே ஆளுங்க. சுரங்கத்தின் அடியில் ஒரு கூட்டம் விஞ்ஞானிகள் உட்கார்ந்து என்னவோ செய்கிறார்கள் என்று அப்பா எப்போதோ சொன்னது. அதற்கு மேல் அவருக்கும் தெரியாது, நாங்களும் கேட்டதில்லை. பெரியவர் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்தவர். வேலை, குடும்பம் எல்லாம் பம்பாயில். இப்போது பெங்களூரில் மகள் வீட்டுக்கு வந்தவர், மகளிடம் வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டாராம்.

தனியாக விட மனசு வரவில்லை. ஸ்டேஷனில் இறங்கி, அவரோடு நடந்தே போனேன். சுரங்கத்துக் கேட்டில் இருந்த வாட்ச்மேன் நல்ல மனுஷன். ஆனாலும் உள்ளே விட முடியாது என்றார். அவர் கன்னடத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். பெரியவர் வாதாடவில்லை. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, புதர்களுக்கு அப்பால் ஷாஃப்ட்டின் மேல் நிற்கிற இரும்புக் கோபுரத்தையும் அதன் உச்சியில் இருந்த பெரிய சக்கரங்களையும் பார்த்தார்.

"உள்ளே போனாலும் ஒண்ணும் இருக்காது. கீழே எல்லாம் தண்ணி நிறைஞ்சிருக்கும். எங்க ரூம் இப்போ தண்ணிக்குள்ளே" என்றார்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் உதடு காய்ந்திருந்தது. திரும்பிப் போகிற ரயிலுக்குச் சாயங்காலம்வரை நேரம் இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். தயங்கினார். அவருக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கட்டும் என்றுதான் சொன்னேன்:

"எங்கப்பாவும் இதே ஷாஃப்ட்டுதான் சார். வைண்டிங் டிரைவர்."

பெரியவர் கம்பியிலிருந்து கையை எடுத்தார். "இதே ஷாஃப்ட்டா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு எனக்கு முன்னால் அவர் நடக்க ஆரம்பித்தார், வழி தெரியாமலே.

வைண்டிங் டிரைவர் வேலை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆட்கள் ஏறி இறங்குகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அதை இரும்புக் கயிற்றில் கட்டி இறக்கி ஏற்றுகிறவர் வைண்டிங் டிரைவர். அவர் தள்ளி ஒரு இஞ்சின் ரூமில் உட்கார்ந்திருப்பார். கேஜும் தெரியாது, அதில் நிற்கிறவர்களும் தெரிய மாட்டார்கள். கீழே இருந்து மணி அடிப்பார்கள். அந்த மணிக் கணக்கை வைத்து, எதிரில் ஆழம் காட்டுகிற முள்ளைப் பார்த்து, ஏழாயிரம் அடி ஆழத்துக்கு ஆட்களை இறக்குவார், ஏற்றுவார். டியூட்டியில் இருக்கும்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது. ஆயிரக்கணக்கான பேர் அவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு நிற்பார்கள், ஒருவரும் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எங்களுடையது கம்பெனி லைன் வீடு, இரண்டு அறை. அப்பா வாசலுக்கு நேராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஞ்சின் ரூமுக்கு வருமுன் பல வருஷம் கீழே கல்லில் துளை போடுகிற வேலை பார்த்தவர். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிவிட்டது. நாலு வார்த்தை பேசினால் ஒரு தடவை மூச்சுக்கு நிற்க வேண்டும். அம்மா உள்ளே இருந்து எட்டிப் பார்த்து, "யாரு?" என்று கண்ணால் கேட்டாள்.

"அப்பா, இவரு காஸ்மிக் ரே சார். உங்க ஷாஃப்ட்டுலதான் வேலை செஞ்சாராம்" என்றேன்.

அப்பா எழுந்திருக்கப் பார்த்தார். பெரியவர் அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்து, பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு பெரியவர் ஸ்டூலின் ஓரத்தில் விரல் முட்டியால் தட்டினார். விட்டு விட்டு, ஒரு கணக்காக.

அப்பாவின் வலது கை மடியிலிருந்து எழுந்து முன்னால் போனது. இல்லாத ஒரு லிவரைப் பிடித்தது.

"ஆளு ஏறிட்டாங்க" என்றார் அப்பா. "எறக்கலாம்."

"இதே மணியை எத்தனை வருஷம் அடிச்சிருக்கேன்" என்றார் பெரியவர். "அந்தப் பக்கம் யார்னு தெரியாமலே."

அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். பெரியவர் டம்ளரைக் கையில் வாங்கியதும் சொல்ல ஆரம்பித்தார். அவர் ஏன் வந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் அவர் கீழே இருந்தபோது ஏர் பிளாஸ்ட் ஆனது. அழுத்தம் தாங்காமல் பாறை தானாகவே வெடிப்பதற்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். கீழே கரண்ட் போய்விட்டது. காது அடைத்து, வாயெல்லாம் மண். கூட இருந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஷாஃப்ட்டுக்கு நடந்து வந்து மணி அடித்தார்கள். மேலே யாராவது இருக்கிறார்களா என்பதே தெரியாது. கேஜ் வந்தது. அவர்களை ஏற்றிக்கொண்டு, குலுக்காமல், ஒரே சீராக ஏறியது. மேலே வந்து நின்றபோது நின்றதே தெரியவில்லை. அந்த டிரைவரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். டியூட்டியில் பேசக் கூடாது சார் என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் ஊர் மாற்றல். அப்படியே போய்விட்டது.

"அவருக்கு ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தது. வயசாயிடுச்சு. இனிமே எப்போ வரப்போறேன்?"

அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது நானா இருக்கலாம் சார்" என்றார். "வேற ஆளாவும் இருக்கலாம். மூணு ஷிப்ட்டுக்கு மூணு டிரைவருங்க. ஏர் பிளாஸ்ட்டு எத்தினியோ ஆச்சு. எனக்கு எல்லாம் ஒண்ணா கலந்து போச்சு."

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த மனுஷனும் சந்தோஷமாகப் போயிருப்பார். அப்பா சொல்லவில்லை. பெரியவர் தலையசைத்தார்.

"பரவாயில்லை. மூணு பேர்ல ஒருத்தர்கிட்ட சொல்லிட்டேன்."

"மத்த ரெண்டு பேரும் போயிட்டாங்க" என்றார் அப்பா. "நான் வாங்கிக்கறேன், அவங்களுக்கும் சேத்து."

அம்மாவுக்கு வேறு ஒரு சந்தேகம் இருந்தது. அடுப்படி வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. அவ்ளோ கீழ உக்காந்துனு இன்னாதான் புடிச்சீங்க?"

பெரியவர் சிரித்தார். சூரியனிலிருந்தும், வானத்தில் எங்கெங்கோ இருந்தும் ஓயாமல் துகள்கள் மழைபோல பூமி மேல் கொட்டுகின்றன என்றார். அந்தச் சத்தத்தில் ஒரு மெல்லிய குரலைக் கேட்க முடியாது. அதற்குத்தான் கீழே போனார்கள். தலைக்கு மேல் அவ்வளவு பாறை இருந்தால் மழை நின்றுவிடும். பாறையையும் தாண்டி வருவது ஒன்றே ஒன்று. அதற்கு எடை இல்லை என்றே சொல்லலாம், எதையும் தொடாது. நியூட்ரினோ என்று பெயர்.

"எக்ஸ்ரே மாதிரியா சார்?" என்றேன். என் வேலை அது, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எக்ஸ்ரே எலும்புகிட்டயே தடுமாறும். நீங்க போடுற ஈய ஏப்ரன்ல நின்னுடும். இதை நிறுத்தணும்னா, வெளிச்சம் ஒரு வருஷம் ஓடுற தூரத்துக்கு ஈயத்தாலேயே சுவர் கட்டணும். அப்பவும் பாதி அந்தப் பக்கம் வந்துடும்."

இருபது வருஷமாக அந்த ஏப்ரனைத் தோளில் சுமக்கிறேன். அதன் கனம் என் உடம்புக்குத் தெரியும். ஒரு வருஷம் வெளிச்சம் ஓடுகிற நீளத்துக்கு அந்தக் கனத்தை நினைத்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

"இப்போ இங்க வருதா?" என்றாள் அம்மா.

"வருது. உங்க நகம் இருக்கே, அது வழியா மட்டும், நாம ஒரு வார்த்தை பேசறதுக்குள்ளே கோடிக்கணக்குல போயிடுச்சு."

அம்மா தன் கட்டை விரலைத் திருப்பிப் பார்த்தாள். "அத்தப் புடிச்சி இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. வந்ததுன்னு பாத்தோம். எனக்கு முன்னாடி இருந்தவங்க மாசக்கணக்கா காத்திருந்து ஒண்ணு ரெண்டு பாத்தாங்க."

"பாக்கறதுக்காவா அவ்ளோ கீழ போனீங்க?"

"ஆமாம்மா. பாக்கறதுக்குத்தான்."

அம்மாவின் பார்வையில் இருந்த கேலி போய்விட்டது. பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர்களை எப்படிப் பார்ப்பாளோ அப்படி அவரைப் பார்த்தாள்.

சாப்பாடு ஆனது. களியும் கீரைக் குழம்பும். கரண்டி அளவு களியைத்தான் அவர் தாங்குவார் என்று நினைத்தோம், இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். சாப்பிட்டுவிட்டு அப்பா தன் பங்குக்கு ஒன்று கேட்டார்.

"கடைசில இரும்புத் தகடா எறக்கினோம் சார். தகடு, நீள நீளமா கொழாய். வண்டி வண்டியா. ஒடையாம எறக்குன்னு சொன்னாங்க. அது இன்னாத்துக்கு?"

பெரியவர் கை துடைத்துக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். அது வேறு ஆராய்ச்சி என்றார். உலகத்தில் இருக்கிற எல்லாமே, கல், இரும்பு, இந்த உடம்பு, எல்லாம் மிகச் சின்னத் துகள்களால் ஆனது. அதில் ஒன்றுக்குப் புரோட்டான் என்று பெயர். உலகம் தொடங்கிய நாளில் உண்டானது. அது என்றைக்காவது சாகுமா என்பதுதான் கேள்வி. செத்தால், எத்தனையோ காலம் கழித்து ஒரு நாள் எல்லாப் பொருளும் கரைந்து போகும். இரும்பை டன் கணக்கில் அடுக்கிவைத்து, அதில் ஒரே ஒரு புரோட்டானாவது சாகிறதா என்று வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செத்துதா?" என்றார் அப்பா.

"இதோ செத்துடுச்சுன்னு சில தடவை நினைச்சோம். நிச்சயமா சொல்ல முடியலை. உலகத்துல வேற இடங்கள்லேயும் தேடினாங்க. இன்னிவரைக்கும் ஒண்ணுகூடச் செத்ததா யாரும் காட்டலை."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மூச்சு சீராக வருவதற்குக் காத்திருந்தார் என்று நினைத்தேன்.

"அதே லெவல்ல, அதே வருஷங்கள்ல" என்றார், "எங்க ஆளுங்க செத்துக்கினு இருந்தாங்க சார். ஏர் பிளாஸ்ட்டுல. நான்தான் மேல கொண்டாந்தேன், பாடிங்கள. அதுக்கும் ஒரு மணி இருக்குது." கொஞ்சம் நிறுத்தினார். "பக்கத்து ரூம்ல நீங்க, சாவாத ஒண்ணு சாவுமான்னு காத்துக்கினு இருந்திருக்கீங்க."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை அப்பா. அவர் குரலில் கோபம் இருந்தால் எனக்குத் தெரியும். பெரியவர் தலை குனிந்திருந்தது.

"அவங்களையும் நினைச்சுக்குவோம்" என்றார். "ஒவ்வொரு தடவையும் எங்க மெஷினை நிறுத்திட்டு வெளியே வந்து நிப்போம். எங்களால ஆனது அவ்வளவுதான்."

அம்மா இன்னொரு டீ வைத்தாள். பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, பெரியவர் டம்ளரைத் தூக்கிக் காட்டி, இந்தத் தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜன் நட்சத்திரங்களே தோன்றாத காலத்தில் உண்டானது என்றார்.

"இப்போதான் போட்டேன்" என்றாள் அம்மா.

அவரும் அப்பாவும் சேர்ந்து சிரித்தார்கள். அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். பெரியவர் மெதுவாகத் தொடர்ந்தார். எலும்பில் இருக்கிற கால்சியம், ரத்தத்தில் இருக்கிற இரும்பு, கல்லில் இருக்கிற சிலிக்கான், எல்லாம் நட்சத்திரங்களுக்குள்ளே வெந்து, அவை வெடித்தபோது சிதறியவை. தங்கம் அதைவிட அபூர்வம். செத்துப்போன இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றோடொன்று மோதினால்தான் அவ்வளவு கனமான ஒன்று உண்டாகும். பூமி பிறக்கும் முன்னாலேயே எங்கோ அப்படி மோதிச் சிதறிய தூசியில் ஒரு பிடிதான் இந்த ஊருக்கு அடியில் வந்து கிடந்தது.

அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரேவை நான்தான் எடுத்தேன். கறுப்பு நுரையீரல் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் இறைந்து கிடக்கும். அத்தனையும் கல்தூசி, சிலிக்கான். அந்தப் படத்தைப் பார்த்ததும் உறைக்குள் திருப்பிவைத்துவிடுவேன். அன்று, அந்தப் புள்ளிகள் எங்கிருந்து புறப்பட்டவை என்று தெரிந்துவிட்டது. அதனால் அப்பாவுக்கு மூச்சு லேசாகிவிடவில்லை. எனக்கும் துக்கம் குறையவில்லை. ஆனால் அந்தப் படம் இருந்த இடம் பெரிதாகிவிட்டது. இதுநாள்வரை அது எங்கள் வீட்டுக்குள் மட்டும் இருந்தது.

வெயில் தாழ்ந்ததும் பெரியவர் கிளம்பினார். அப்பா தன் செருப்பைக் கேட்டார்.

"எங்க?" என்றாள் அம்மா. அப்பா வீட்டை விட்டு வெளியே போய் நாலைந்து மாதம் ஆகியிருந்தது.

"கேட்டுல இருந்து பாத்தா இஞ்சின் ரூம் தெரியாது. பின்பக்கம் வேலிகிட்ட போனா தெரியும். சாருக்குக் காட்டணும்."

ஆட்டோ பிடித்தேன். வேலியின் பின்பக்கம் கொஞ்சம் மேடு, பாறைகள் தலைகாட்டுகிற வெட்டவெளி. அப்பா என் கையைப் பிடித்து, நின்று நின்று நடந்தார். கூரை சரிந்த ஒரு கட்டடத்தைக் காட்டினார். "அங்கதான் சார். அந்த ஜன்னலுக்குள்ள." பெரியவர் பார்த்தார். ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு அரசங்கன்று முளைத்திருந்தது. அவர் கையை நெற்றிக்கு உயர்த்தினார், கண் கூசியதற்கா, வணக்கமா என்று எனக்குப் புரியவில்லை.

நாங்கள் நின்ற பாறை கருப்பாக இருந்தது. சின்ன வயதில் அதன் மேல் துணி காயப்போட்டிருக்கிறோம். அதன் வயது இருநூற்று எழுபது கோடி வருஷம் இருக்கும் என்றார் பெரியவர். அப்போது இங்கே கடல். கடலுக்கு அடியில் நெருப்புக்குழம்பு பொங்கி, தண்ணீர் பட்டு உறைந்து இந்தக் கல் ஆனது. அந்தக் கடலில் மீன் இல்லை. கரையில் புல் இல்லை. கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள் மட்டும். அந்த உயிர்களின் வழியில்தான் நாம் எல்லோரும் வந்தோம். மனுஷன் வந்து மூன்று லட்சம் வருஷம் ஆகியிருக்கலாம்.

அந்தக் கணக்கை மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். எங்கள் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து இங்கே கூலிக்கு வந்ததைத்தான் இதுவரை எங்கள் தொடக்கம் என்று நினைத்திருந்தேன். என் காலடியில் இருந்தது அதைவிட எவ்வளவோ பழைய கல். கடலைப் பார்த்த கல். கண் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலத்தைத் தாண்டி வந்த கல். அதன் மேல்தான் நான் பள்ளிக்கூட யூனிபாரத்தை விரித்துப்போட்டேன்.

"சார், அந்த நியூட்ரினோ இப்போ இங்கயும் மேல இருந்து கொட்டுதா?" என்றார் அப்பா.

"மேலே இருந்து மட்டும் இல்லை. கீழே இருந்தும் வருது."

"கீழ இருந்து எப்படி?"

"நம்ம காலுக்கு நேர் கீழே, பூமிக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய கடல் இருக்கு. அங்கேயும் வானம் இருக்கே. அந்த வானத்துல இருந்து வர்றது கடல்ல நுழைஞ்சு, பூமியை மொத்தமா ஊடுருவி, இந்த ஷாஃப்ட்டைத் தாண்டி, உங்க பாதம் வழியா ஏறி, தலை வழியா போயிடும். எதுவும் அதை நிறுத்தாது."

அப்பா நின்றார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் இருந்து செருப்பைக் கழற்றினார். அடுத்த காலிலும் கழற்றினார். வெறும் பாதத்தைப் பாறையில் வைத்தார். அவருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை என்பது அவருக்கே தெரியும். பெரியவரும் அதைச் சொல்லவில்லை. குனிந்து, சிரமப்பட்டு, தன் கேன்வாஸ் ஷூவின் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் உட்கார்ந்து அவிழ்த்துவிட்டேன். நானும் கழற்றினேன். பகல் முழுக்க வெயில் குடித்த பாறை வெதுவெதுப்பாக இருந்தது.

"என் வாழ்நாள் பூரா கீழன்னா முடிவுன்னு நெனச்சிருந்தேன் சார்" என்றார் அப்பா. "முள்ளு கடைசி கோட்டுக்கு வந்தா அதோட உலகம் முடிஞ்சது. அதுக்குக் கீழ இருட்டு, சூடு, வேற ஒண்ணும் இல்லன்னு." மூச்சு வாங்கினார். "அப்போ கீழயும் வானந்தான்னு சொல்லுங்க."

பெரியவர் கண் கலங்கியிருந்தது.

"ஆமாம்" என்றார். "கீழேயும் வானம்தான். இத்தனை வருஷத்துல நான் இப்படிச் சொல்லிப் பாத்ததில்லை."

எனக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லை. நாங்கள் மூன்று பேரும் ஒரு மெல்லிய தரையின் மேல், மேலேயும் ஆகாயம், அடியிலேயும் ஆகாயம், நடுவில் செருப்பில்லாமல் நிற்கிறோம் என்று உடம்புக்கே தெரிந்த மாதிரி இருந்தது. தூரத்தில் சைனைடு மேட்டின் மேல் ஆடுகள் ஏறிக்கொண்டிருந்தன. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

என் நம்பரைக் கொடுத்து, பெரியவரை ரயிலேற்றிவிட்டேன். அவர் மகள் அன்று ராத்திரியே எனக்குப் போன் செய்து, இந்த வயதில் அவரை வெயிலில் நிற்க வைத்தீர்களா என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் அவரே, தன் அப்பா இவ்வளவு பேசி ரொம்ப நாளாகிறது என்றும் சொன்னார். அதற்குப் பிறகு வாரம் ஒரு தடவை இரண்டு கிழவர்களும் போனில் பேசிக்கொள்கிறார்கள். நட்சத்திரத்தைப் பற்றி ஒரு நாளும் பேசி நான் கேட்டதில்லை. சர்க்கரை, பிரஷர், மூட்டுவலி.

அம்மாதான் மறுநாளே தெருக்குழாயில் விஷயத்தைப் பரப்பிவிட்டாள். நான் குடத்தோடு பின்னால் நின்றிருந்தேன்.

"ஒண்ணு இருக்குதாம். எல்லாத்துக்குள்ளயும் பூந்து போவுமாம். எதையும் தொடாதாம். கண்ணுக்கும் தெரியாதாம்."

பக்கத்து வீட்டு அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "சாமியா?" என்றாள்.

"இல்லயாம். கேட்டுட்டேன்" என்றாள் அம்மா.

அந்த வாரம் குழந்தைகள் வார்டிலிருந்து கூப்பிட்டார்கள். பிறந்து இரண்டு நாளான குழந்தை, மூச்சில் ஏதோ சத்தம். மெஷினைத் தள்ளிக்கொண்டு போனேன். குழந்தையின் தாய் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், அவளுக்கே இருபது வயதுதான் இருக்கும். ஏப்ரனைப் போட்டுக்கொண்டு, குழந்தையின் இரண்டு கைகளையும் நர்ஸ் மேலே தூக்கிப் பிடித்த நொடியில் படம் எடுத்தேன். திரையில் வந்தது. தீக்குச்சியைவிட மெல்லிய விலா எலும்புகள், இரண்டு பக்கமும் வரிசையாக. மூடிய கைக்குள் அரிசிமணிகள்போல விரல் எலும்புகள். அவை வெந்த இடத்தையும், வந்த தூரத்தையும், அதற்கு ஆன காலத்தையும் நினைத்தேன். அவ்வளவும் நடந்து, கடைசியில் இது, ஒரு பிடி, பசியில் அழுகிறது.

"எல்லாம் சரியா இருக்கா மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

டாக்டர் சொல்வார் என்பதுதான் நாங்கள் சொல்ல வேண்டியது. அதையும் சொன்னேன். பிறகு திரையை அவள் பக்கம் கொஞ்சம் திருப்பி, "எவ்ளோ அழகா இருக்குது பாரு" என்றேன்.